தலையணையைச் சுற்றிக் கோலமாவு

சுப்ரியாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்த அம்மாவின் கை சட்டென்று நின்றது. அவள் விரலைப் பிடித்து, காதுக்குப் பின்னால் வைத்தாள்.

அங்கே ஐந்து ரூபாய்க் காசளவுக்கு முடியே இல்லை. வழவழவென்று இருந்தது.

"புழுவெட்டு," என்றாள் அம்மா மெதுவாக.

பாகலூர்ப் பள்ளியில் மதியத்துக்குள் சேதி பரவிவிட்டது. "தூங்குறப்ப புழு வந்து முடியக் கடிக்கும். அப்புறம் பக்கத்துத் தலைக்குத் தாவிடும்!" என்று பயமுறுத்தினான் சுரேந்தர்.

பக்கத்தில் உட்காரும் சுஜாதா பையைத் தூக்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒட்டிக்கொண்டிருந்த தோழி! சுப்ரியாவுக்கு அழுகை முட்டியது.

அழுதால் புழு ஓடிவிடுமா? பிடித்தே ஆகவேண்டும். படுக்கும் முன் தலையணையைச் சுற்றிக் கோலமாவைத் தூவினாள். ஊர்ந்து வந்தால் தடம் விழுமே!

விடிந்ததும் பார்த்தாள். மாவு தூவியபடியே கிடந்தது. ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் தலையணைமேல் ஒரு கொத்து முடி கிடந்தது.

வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. அப்படியென்றால், அது உள்ளேயே இருக்கிறதா?

ஓசூர் டாக்டரம்மாவிடம் அதையேதான் கேட்டாள்.

"மாவு தூவிப் பாத்தியா? கெட்டிக்காரி!" என்று அவர் சிரித்தார். "புழுவே கிடையாது. கம்பெனி கேட்ல செக்யூரிட்டி இருக்காங்கல்ல? உடம்புக்குள்ளயும் அப்படிக் காவல் உண்டு. அது ஆள் தெரியாம உன் முடியையே திருடன்னு வெளிய தள்ளுது. யாருக்கும் ஒட்டாது. இந்தக் களிம்பைத் தடவு. மெதுவாத்தான் வளரும், முதல்ல நிறம்கூட மாறி முளைக்கலாம். பொறுமையா இருக்கணும்."

மறுநாள் சுஜாதா தலையில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"ராத்திரி தூங்கலையா?" என்று கேட்டாள் சுப்ரியா.

"காதுகிட்ட ஏதோ ஊர்ற மாதிரியே இருக்குடி…"

சுப்ரியாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னாள். சுஜாதா நம்பவில்லை. மாலையில் சுப்ரியா ஒரு பொட்டலம் கோலமாவைக் கொண்டுபோய் அவள் கையில் வைத்தாள். "நீயே பாரு."

காலையில் சுஜாதா தலைத்துணி இல்லாமல் வந்தாள். "ஒரு தடமும் இல்லடி," என்று பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள்.

இரண்டு மாதம் ஓடியது. ஒருநாள் வகுப்பில் காதுக்குப் பின்னால் தொட்ட சுப்ரியா அப்படியே உறைந்துபோனாள். விரலுக்கடியில் ஏதோ மெத்தென்று நெளிந்தது.

"சுஜாதா… அங்க என்னமோ இருக்கு. பாரேன்!"

சுஜாதா முடியை ஒதுக்கினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"அடியே கிழவி!" என்று கத்தினாள். "வெள்ளை முடி முளைச்சிருக்குடி!"