ஆறு மாதக் கணக்கில் இரண்டு நாள்

“ரெண்டு நாள் குறையுது மேடம். போர்டிங் பாஸ் தர முடியாது.”

விமான நிலையக் கவுண்ட்டரில் இருந்தவன் நிமிராமலே சொன்னான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்ன ரெண்டு நாள்?”

“பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாசம் செல்லணும். நீங்க திரும்பி வர்ற தேதியில இருந்து எண்ணினா ரெண்டு நாள் கம்மி.”

“ஏன், போய் இறங்குற தேதியில இருந்து எண்ணக்கூடாதா? நான் அப்படித்தான் படிச்சேன்!”

அப்போதுதான் நிமிர்ந்தான். மழைக்கு முந்தைய வானம் மாதிரி கறுத்த கண்கள்... சே! இப்போது கண்ணா முக்கியம்?

பாதி விலைக்குத் தீவு ரிசார்ட், நான்கு நாள். தேதி மாறினால் சலுகை போச்சு. அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய விடுப்பு. பக்கத்தில், முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கென்று புதுச் செருப்பு போட்ட அம்மா. “விடுடி... வீட்டுக்குப் போலாம்” என்றாள்.

வீட்டில் அண்ணன் பிடித்துக்கொண்டான். “படிச்சு என்ன பிரயோஜனம்? ஒரு தேதி பாக்கத் தெரியல. அம்மாவுக்கு ஏர்போர்ட்டைச் சுத்திக் காட்டிட்டு வந்திருக்கா!”

தினமும் இதே பாட்டு. அம்மா வாயே திறக்கவில்லை. அதுதான் அவளை அறுத்தது. விமான நிறுவனத்துக்குப் புகார் எழுதினாள். ‘தவறு பயணியுடையது’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அநியாயம்!

பத்தாம் நாள், விமான நிறுவன ஊழியர்கள் வருடாந்திர உடல் பரிசோதனைக்காக அவள் கூடத்துக்கு வந்தார்கள். கையை நீட்டி உட்கார்ந்தவனைப் பார்த்தால்... அதே கண்கள்!

“ஐயோ... நீங்களா?” என்று பதறினான்.

“நானேதான். கையை இறுக்கி மூடுங்க.”

“கொஞ்சம் மெதுவா குத்துங்க...”

“நீங்க மெதுவாவா குத்தினீங்க?”

அவன் சிரித்துவிட்டுச் சட்டென்று அடங்கினான். “ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரி. அந்தத் தீவுக்கு இறங்குற தேதிதான் கணக்கு. வேற நாட்டு விதியை உங்களுக்குப் போட்டுட்டேன். சாயந்திரமே தெரிஞ்சிடுச்சு.”

“தெரிஞ்சுமா பத்து நாள் வாயை மூடிட்டு இருந்தீங்க?”

“அடுத்த மாசம் சூப்பர்வைசர் ஆக்குறதா இருந்தாங்க... பயந்துட்டேன்.”

ஊசியை உருவிப் பஞ்சை அழுத்தினாள்.

“உங்க பதவிக்கு எங்கம்மா பலியா? எழுத்துல ஒத்துக்கங்க. எங்கண்ணன் முன்னாடி வந்து சொல்லுங்க. முடியாதுன்னா இந்த மூஞ்சியைக் காட்டாதீங்க!”

அவன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு கிளம்பிப் போனான். என்ன நெஞ்சழுத்தம்! அப்படியும் அந்தக் கண்கள் ஏன் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கின்றன? அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

ஞாயிறு காலை, கொட்டும் மழையில், புகாரில் இருந்த முகவரியைத் தேடிப் பிடித்து வந்து நின்றான். நனையாமல் சட்டைக்குள் ஒரு கடிதம். நேராக அண்ணனிடம் போனான்.

“உங்க தங்கச்சி தேதியைச் சரியாத்தான் பாத்தாங்க சார். பாக்கத் தெரியாதவன் நான். தப்பை நிறுவனமும் ஒத்துக்கிச்சு. அம்மாவும் பொண்ணும் நிறுவனச் செலவுல அதே ரிசார்ட்டுக்கு எப்ப வேணா போகலாம்.”

அண்ணன் கடிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் நீட்டினான். அவள் அதை இரண்டு தடவை படித்தாள். “கேட்டியாடா? இனிமே எம்பொண்ணை ஒரு வார்த்தை சொல்லிப் பாரு!” இத்தனை நாள் பேசாததற்கும் சேர்த்து மகனைப் பிடி பிடியென்று பிடித்தாள்.

கடிதம் கொண்டுவந்தவன் கிளம்ப, மகள் வாசல் வரை அவனோடு வந்தாள்.

“சூப்பர்வைசர் வேலை?”

“போச்சு. அது போகட்டும்... உங்களை இத்தனை நாள் திட்டு வாங்க விட்டேனே, அதான் தாங்கல.”

“எனக்கு இன்னும் ஆத்திரம் தீரல.”

“தெரியும். தீர்ற வரைக்கும் திட்டுங்க... தினமும் வந்து வாங்கிக்கறேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

அவள் கண் நிறைந்துவிட்டது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

“எனக்கும்தான் பிடிச்சிருக்கு! இல்லேன்னா யாரோ ஒருத்தன் மேல இவ்வளவு கோபம் எனக்கு ஏன் வரணும்?”