பூஜ்யத்தில் இருப்பவர்

புதைத்து முப்பது நாள் ஆகியும் லிங்கதுரை தினமும் காலை ஆறு மணிக்குத் தன் உடம்பு எப்படி இருக்கிறது என்று மனைவிக்குத் தெரிவித்துக்கொண்டிருந்தான். பிரம்மசக்தியின் மணிக்கட்டுப் பட்டை இரண்டு முறை அதிரும். பச்சை எழுத்தில் வரும்: 'லிங்கதுரை. அழல் எண் 0. மிக நன்று.'

செவ்வாயின் மூன்றாம் குமிழிக் குடியிருப்பில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குலசேகரன்பட்டினத்திலிருந்து ராக்கெட் ஏறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். பனிமண்ணில் புதைத்த உடம்பு கெடுவதில்லை. கழுத்தடியில் பதித்த தணிப்பானின் மின்கலம் நாற்பது வருடம் தாங்கும். அதுபாட்டுக்கு அளந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். பிரம்மசக்தி மட்டும் ஆறு மணி நெருங்கும்போதே பட்டையை மறு கையால் பொத்திக்கொள்வாள்.

தணிப்பான் நல்ல எண்ணத்தில் வந்ததுதான். உடம்பில் கிருமியோ காயமோ வந்தால், அங்குள்ள செல்கள் தம் சுவரிலிருக்கும் கொழுப்பை நறுக்கித் தூதர்களாக அனுப்பும். முதலில் போகும், தீ மூட்டுகிற 'மூட்டுத் தூதர்கள்' வெள்ளணுக்களைக் கூவிக் கூட்டுவார்கள். சிவப்பு, வீக்கம், காய்ச்சல், வலி எல்லாம் அந்த அமளிதான்; அதன் அளவுதான் அழல் எண். பிறகு அதை ஆற்றுகிற 'ஆற்றுத் தூதர்கள்' வந்து 'போதும், வீட்டுக்குப் போங்கள்' என்பார்கள். அவர்கள் வராவிட்டால் அமளி வருடக்கணக்கில் புகைந்து மூட்டு, இதயக் குழாய், சர்க்கரை என்று ஆளை அரிக்கும். குமிழியின் முதல் தலைமுறையில் பாதிப் பேர் அப்படித்தான் போனார்கள். அதனால் பொத்தானை அழுத்தியதும் மூட்டுத் தூதர்களின் வாயையே அடைக்கும் கருவியைச் செய்தார்கள். அந்த அமளிதான் ஆற்றுத் தூதர்களையும் அழைத்துவருகிறது என்று பள்ளியில் படித்தார்கள், பரீட்சையும் எழுதினார்கள், மறந்துவிட்டார்கள்.

தன் பொத்தான் தன் கையில் இருந்தால் யாரும் விரலை எடுக்கமாட்டார்கள் என்று, சட்டம் அதைத் துணையின் மணிக்கட்டுப் பட்டையில் வைத்தது. ஆகவே குமிழியில் அன்பு என்றால் கேட்டவுடன் அழுத்துவது. காலை எண் தொடர்ந்து அறுபது நாள் ஐந்துக்குக் கீழே இருந்தால், கோயில் கொடைத் திருவிழாவில் மேளத்தோடு பெயர் வாசிப்பார்கள்.

அந்த அறுபது நாள் கணக்கில் இருபத்தொன்பதாம் நாள் லிங்கதுரைக்கு வயிறு வலித்தது.

"சுருக்கு சுருக்குங்கு, சக்தி. ஒருக்கா அமுக்கேன்."

அமுக்கினாள். இருபதில் நின்ற எண் நான்குக்கு இறங்கியது. "இப்பதான் உயிரே வந்துச்சு" என்று சிரித்தான். அன்றைக்கு இன்னும் இரண்டு முறை கேட்டான். நான்காவது முறை அவன் கேட்கவில்லை. ஆறு மணிக் கணக்கு கெட்டுவிடக் கூடாதே என்று விடியலில் அவளாகவே அழுத்தினாள். மூன்று என்று வந்தது. நிம்மதியாகக் காபி கலந்து எடுத்துப்போய் எழுப்பினாள். அவன் எழுந்திருக்கவில்லை. உள்ளே குடல்வால் சத்தமில்லாமல் உடைந்திருந்தது.

புதைத்த முப்பதாம் நாள் காலையில் நல அதிகாரி கிளாட்வின் வந்தான்.

"அக்கா, நல்ல சேதி. அண்ணாச்சி பேரு கொடைக்கு வந்துட்டு. அறுவது நாளு!"

"செத்தவருக்குமா தம்பி?"

"கருவி ஓடுதுல்லா. அண்ணாச்சி பூஜ்யத்தாலதான் இந்த வருசம் நம்ம குமிழி சராசரி மொத எடம்." அவன் பார்வை அவள் உள்ளங்கைக்குப் போனது. இரண்டு நாளைக்கு முன் கீரைத் தொட்டியின் விளிம்பு கிழித்த இடம் சிவந்து உப்பியிருந்தது; பட்டையில் அவள் எண் ஒளிர்ந்தது. "ஐயையோ, நாப்பத்தொண்ணு! ஒங்களுக்கு அமுக்கத்தான் ஆளு இல்லியே. ஒரு கையெழுத்துப் போடுங்க, நான் ஆபீசுலேருந்து அமுக்கிவிடுதேன்."

கை விண்விண்ணென்று தெறித்தது. போட்டுவிடத்தான் ஆசையாக இருந்தது. இதிலேயே செத்துவிடுவோமோ என்ற பயமும் இருந்தது.

"வேண்டாம். கத்துனா கத்தட்டும். அவரு உடம்பு கத்துனப்ப நான்தான் வாயப் பொத்துனேன்."

"சராசரி கெட்டுப்போவும்க்கா."

"போட்டும்."

நேராக வைத்தியரிடம் போனாள். அவர் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். "சுடுற கையத் தொட்டு எத்தன வருசமாச்சும்மா" என்றார். கீறியபோது சீழோடு நகக்கண் அளவு தகரச் சிலும்பு வந்தது. அன்றிலிருந்து, யாரும் அழுத்தாமலேயே, எண் தானாக இறங்க ஆரம்பித்தது. அந்தச் சிலும்பைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாய்விட்டு அழுதாள். ஒரே ஒரு நாள் அவனை வலியோடு விட்டிருந்தால், இங்கே அழைத்துவந்திருப்பாளே!

நான்கு நாள் கழித்துக் கொடை. மேளம் முழங்க லிங்கதுரையின் பெயரை வாசித்தார்கள். கூட்டம் கைதட்டியது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கணவனை இழுத்துக்கொண்டு நெருங்கி வந்தாள்.

"பூஜ்யமாமே! எத்தன தடவ அமுக்குனிய?"

"நாலு தடவ" என்றாள் பிரம்மசக்தி. "அஞ்சாவதுக்கு அவரு இல்ல."

"நாலு போதுமா?" என்று வியந்த அந்தப் பெண், தன் பட்டையிலிருந்த கணவனின் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

பிரம்மசக்தி அவள் கையைப் பிடித்து நிறுத்தப் போனாள். அதற்குள் மணிக்கட்டு அதிர்ந்தது. இந்த முறை சிவப்பு எழுத்து.

'பிரம்மசக்தி. அழல் எண் 12. எச்சரிக்கை. உங்கள் வீட்டிலேயே ஒருவர் பூரண நலத்துடன் இருக்கிறார். அவரைப் பின்பற்றவும்.'