மாடி வீட்டு ஒயர்

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். அந்தத் தெருவில் ஒயருக்குக் கண்ணும் இருந்தது.

வாய் ஓயாமல் பேசும் சிறுமி குண்டூசியின் அப்பா நெட்காரர். எல்லா வீட்டு இன்டர்நெட் ஒயரும் அவருடைய சின்ன அறைக்குத்தான் வந்து சேரும். எந்த வீட்டில் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் அதன் பெயர் அங்கிருந்த கம்ப்யூட்டர் திரையில் ஓடும்.

"நெட்டு மெதுவா வருதுன்னு சண்டைக்கு வர்றாங்க. காரணம் பாக்க வேணாமா?" என்பார் அப்பா.

பார்ப்பதோடு விட்டாரா? சாப்பிடும்போது அதே பேச்சுதான். "நம்ம கணக்கு வாத்தியார், கல்யாணத்துக்குப் பொண்ணு தேடுற தளத்துலேயே குடியிருக்காரும்மா!" குண்டூசி சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போவாள்.

ஒருநாள் அவள் அப்பாவுக்கு டீ கொண்டுபோனாள். அவர் ஒயர் மாற்ற வெளியே போயிருந்தார். திரையில் மாடி வீட்டில் திறந்த தளங்களின் வரிசை ஓடிக்கொண்டிருந்தது. அது அவளுடைய உயிர்த்தோழி பூனையின் வீடு. நடந்தால் சத்தமே கேட்காது, அதனால் அவள் பூனை.

புற்றுநோய் மருத்துவமனை. மறுபடியும் புற்றுநோய் மருத்துவமனை. பிறகு, பெண்களுக்குச் செயற்கை முடி விற்கும் கடை.

பூனைக்கு அப்பா இல்லை. அம்மா மட்டும்தான். அப்படியென்றால் நோய் அம்மாவுக்குத்தான் என்று குண்டூசி முடிவுகட்டினாள்.

மறுநாள் பள்ளியில் அவள் பூனையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதடி. உங்கம்மாவுக்குச் சரியாயிடும்."

"எங்கம்மாவுக்கு என்ன?"

குண்டூசிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பூனைக்கு ஒன்றுமே தெரியாது! பேச்சை மாற்றிப் பார்த்தாள், மழுப்பிப் பார்த்தாள். பூனை விடவில்லை. கடைசியில் விஷயம் தெரிந்ததும் பையைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடினாள்.

சாயங்காலம் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு குண்டூசி மாடியேறினாள். கதவைத் திறந்த பூனையின் அம்மாவுக்குக் கண்கள் வீங்கியிருந்தன.

"பரீட்சை முடியட்டும், நானே பக்குவமாச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல அத்தை. எங்கப்பா கம்ப்யூட்டர்ல பாத்தேன்."

அவர் திட்டவில்லை. பையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது குண்டூசிக்கு.

அழுதுகொண்டே அப்பாவிடம் வந்து எல்லாவற்றையும் கொட்டினாள். அவருடைய முகம் சுண்டிப்போனது.

"நான் உள்ள எதையும் படிக்கலையேம்மா. பேரைத்தானே பாத்தேன்?"

"பேரு போதும்பா. அதை வச்சே எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு." மூக்கை உறிஞ்சினாள். "நெட்டு மெதுவா வந்தா, யாரு எவ்வளவு டேட்டா இழுக்குறாங்கன்னு பாத்தாப் போதாதா? எங்க போறாங்கன்னு எதுக்குப்பா பாக்கணும்?"

அப்பா கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து, பெயர்கள் ஓடுவதை நிறுத்தினார். இனி அளவு மட்டும்தான் தெரியும். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு, மன்னிப்புக் கேட்க மாடி வீட்டுக்குப் போனார்.

பூனை பள்ளிக்கு வந்தாள். ஆனால் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். குண்டூசி அவளைத் தொந்தரவு செய்யவில்லை. யார் கேட்டும் பூனை வீட்டு விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு அது லேசான காரியமில்லை.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் பூனையே வந்து நின்றாள்.

"எங்க வீட்டு விஷயம் நான் சொன்னாத்தான் உனக்குத் தெரியணும்."

"சரி."

"இனிமே பாக்க மாட்டியே?"

"மாட்டேன். அப்பாவும் பாக்க மாட்டார்."

பூனை பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து நடுவில் வைத்தாள்.

"எங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லடி," என்றாள்.

குண்டூசி அதை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்பவள்போல, முழுவதையும் கேட்டாள்.