நீலக் கூரை வீட்டுக் குழாய்

"ஹலோ சார்! பச்சைக் கயாக்! உங்களைத்தான்... கண்ணு தெரியுதா இல்லையா?"

கிரிஸ்டல் ரிவர் ஊற்றின் மேல் ஆவி பறந்துகொண்டிருந்த அந்த ஜனவரிக் காலையில், ஷெல்பி போட்ட சத்தத்தில் கரையோரக் கொக்குகள்கூட எழுந்து பறந்தன. கோபம் வராமல் என்ன செய்யும்? கடல் சில்லிட்டுப் போனதால் வெதுவெதுப்பான ஊற்றைத் தேடி வந்த கடற்பசுக்கள், நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதான் கயிறு கட்டி எல்லை வைத்திருக்கிறார்கள். அந்தக் கயிற்றுக்கு உள்ளே, நட்டநடுவில், ஒருவன் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறான்! தன்னார்வக் காவலுக்கு வந்த இத்தனை குளிர்காலங்களில் இப்படி ஒரு திமிரை அவள் பார்த்ததில்லை.

தன் மஞ்சள் கயாக்கை, அந்த ஒற்றையாள் துடுப்புப் படகை, விருட்டென்று கயிற்றோரம் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"வெளிய வாங்க!"

"வர முடியாதுங்க."

"என்னது?"

"கீழ பாருங்க."

பார்த்தாள். அவனுடைய கயாக்கின் அடியில் ஒரு பெரிய கடற்பசு முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது... சுகமாக, அவசரமே இல்லாமல். அதுதான் அவனைக் கயிற்றைத் தாண்டி உள்ளே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது.

"கீழ கடற்பசு இருந்தா துடுப்பைத் தொடக்கூடாது, கையைக் கட்டிட்டு உட்காரணும்னு நேத்து ஒரு குடும்பத்தையே நிறுத்தி வெச்சுத் திட்டினீங்களே, டீச்சரம்மா? நானும் கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

அவன் உதடு சிரிக்கவில்லை; கண்கள் சிரித்தன. அந்த ஊற்றைப் போலவே அடி மணல்வரை தெரிகிற கண்கள்... ஷெல்பிக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. தப்பு செய்தவனையாவது மன்னிக்கலாம். தப்பே செய்யாமல் எதிரே உட்கார்ந்திருப்பவனை எப்படி மன்னிப்பது?

கடற்பசு சொறிந்து முடித்து மெல்ல நழுவியது. அதன் முதுகில் வெள்ளை வெள்ளையாக வெட்டுத் தழும்புகள். அவனும் கயிற்றுக்கு வெளியே வந்தான்.

"பாத்தீங்கல்ல? உங்கள மாதிரி ஆளுங்களாலதான் அதுக்கு இந்தத் தழும்பு" என்றாள், தோற்க மனமில்லாமல்.

அவன் முகம் மாறிவிட்டது.

"என்னாலயா? இப்ப அது எங்க போகுதுன்னு தெரியுமா? நேரா நீலக் கூரை வீட்டுப் படகுத்துறைக்கு. அங்க ஒருத்தர் தினமும் தோட்டக் குழாயைத் திறந்து தண்ணி காட்டறார். அந்தத் தண்ணி ருசியில அது படகுங்க நடுவுல போய் நிக்குது. எஞ்சின் விசிறியில அடிபடாம என்ன பண்ணும்?"

நீலக் கூரை வீடு... அவளுடைய வீடு.

"எங்க அப்பாவையா சொல்றீங்க? என் வீட்டுலயா? யாருங்க நீங்க?"

"வெஸ்லி. ஸ்கூல்ல பேண்டு வாத்தியார். உங்க வீட்டுக்கு எதிர்க்கரையில புதுசாக் குடிவந்திருக்கேன். நீங்க இந்தப் பக்கம் கிளம்பினதும் அவர் அந்தப் பக்கம் குழாயோட வருவார்."

"பொய்!"

"வந்து பாருங்க."

துடுப்புகள் நீரைக் கிழித்தன. பொய்யாக மட்டும் இருக்கட்டும்... ஊரே காலை டிபனுக்குக் கூடும் கடையில் வைத்து இவனை மன்னிப்புக் கேட்க வைக்கிறேன்! நிஜமாக இருந்தால்? நாளைக்கு எந்த முகத்தோடு இந்தக் காவல் சட்டையைப் போட்டுக்கொண்டு அடுத்தவரைத் திட்டுவது?

துறையில் அப்பா ஹார்லன் நின்றிருந்தார். ஒரு கையில் காபிக் கோப்பை, மறு கையில் குழாய். கீழே அந்தத் தழும்புக்காரி மல்லாந்து கிடந்து வாயைக் காட்டிக்கொண்டிருந்தது.

"குடிம்மா... மெதுவாக் குடி..."

"அப்பா!"

அவர் திடுக்கிட்ட அதே நொடியில், பக்கத்து வீட்டுப் படகின் எஞ்சின் உறுமியது. ஓட்டுபவர் பின்னால் பார்க்கவே இல்லை. படகு பின்வாங்கி நேரே கடற்பசுவை நோக்கி வந்தது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!"

கத்திக்கொண்டே வெஸ்லி தன் கயாக்கைக் குறுக்கே விட்டான். படார் என்று ஒரு சத்தம். எஞ்சின் நின்றது. பச்சைக் கயாக்கின் மூக்கு பிளந்து, அவன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தான். கடற்பசு பத்திரமாக ஆழத்துக்குப் போய்விட்டது.

ஷெல்பி துறையில் தாவி ஏறிக் குழாயை இறுக மூடினாள்.

"இதுக்காக எத்தனை வீட்டு வாசல்ல போய் நான் சண்டை போட்டிருக்கேன்! ஊரான் குழாயை எல்லாம் மூட வெச்சேன்... என் முதுகுக்குப் பின்னால நீங்களே! வெக்கமா இல்லையாப்பா?"

"உங்க அம்மா ஆரம்பிச்ச பழக்கம் கண்ணு... அவ போனப்புறமும் இது வந்து நின்னு நின்னு பார்த்துச்சு. அவளைத் தேடுதோன்னு..."

"இன்னிக்கு நடந்ததைப் பார்த்திருந்தா அம்மாவே மூடியிருப்பா!"

கோபத்தில்தான் சொன்னாள். கண்ணீரும் கூடவே வந்தது. ஹார்லன் குழாயைச் சுருட்டி அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

ஷெல்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீரில் நின்றவன் பக்கம் திரும்பினாள்.

"தினமும் பார்த்துட்டு ஏங்க சொல்லல?"

"சொல்லத்தான் வாரம் பூரா ஊற்றுக்கு வந்தேன். நீங்க கயிறு தாண்டறவங்களை மட்டும்தான் பார்க்கறீங்க. ஒழுங்கா வெளிய நிக்கறவனைத் திரும்பிக்கூடப் பார்க்கல..." அவன் காதெல்லாம் சிவந்தது. "அப்புறம்... சொல்லிட்டா நீங்க என்னை வெறுத்துடுவீங்களோன்னு பயமாயிருச்சு. எனக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சுங்க. திட்டறப்போகூட."

"அதுக்காக ஒரு ஜீவனை ஆபத்துல விட்டீங்களா?"

"தப்புதான்."

"பெரிய தப்பு!"

"ஆமாங்க."

ஒரு சாக்கும் சொல்லாமல் ஒத்துக்கொள்கிறவனை இன்னும் எவ்வளவுதான் திட்டுவது? குனிந்து கையை நீட்டினாள். சில்லிட்ட அவன் கையைப் பிடித்துத் துறைமேல் இழுத்தாள். அவன் ஏறி நின்ற பிறகும்... அந்தக் கையை விடவில்லை.

"நாளைக்கும் கயித்துக்கு வெளியவே நிக்கணும், தெரியுதா?" என்றாள், கோபம் குறையாத குரலில். "நான் திரும்பிப் பார்ப்பேன்."