வேய்ன் திரும்பிப் பார்க்கும் இடம்

நான்கு மணி வெயில் அறைக்குள் சரிந்து கிடந்தது. ஆனால் சுவரில் தொங்கிய சிலுவைக்கு நிழல் இல்லை. லொரைன் கண்களைக் கசக்கிக்கொண்டாள். விடிய விடிய அழுத கண் இப்படித்தான் ஏமாற்றும் என்று தன்னையே தேற்றிக்கொண்டு, மறுபடி கணினியின் பக்கம் திரும்பினாள்.

அது வேய்னுடைய கணினி. காய்ச்சல் அவனைக் கொண்டுபோய் இன்றோடு ஒரு வருடம். கணினி விளையாட்டுக்குள் சிங்கப்பூரின் இந்தத் தோ பாயோ வீட்டை அப்படியே கட்டி, தன் சாயலில் ஓர் உருவத்தையும் நடமாட விட்டிருந்தான் பிள்ளை. அது தாழ்வாரத்தில் நடந்து வரும். அம்மாவைப் பார்க்கத் திரும்பும். அந்த இடத்தில்தான் படம் திக்கித் திக்கி நின்றுவிடும், முகம் பாதியோடு. முழு முகத்தையும் ஒரே ஒரு முறை பார்த்துவிட வேண்டும். பெற்றவளுக்கு வேறு ஆசையே மிச்சமில்லை.

மதியம் மகள் கிம்பர்லி போனில் சொன்னாள்: "பழைய கிராபிக்ஸ் கார்டு லா மம்மி, புது அப்டேட்டைத் தாங்காது. வேற கார்டு போட்டுடலாம்."

"அவன் கையால மாட்டினது. யாரும் தொடக்கூடாது."

"சரி, அப்போ செட்டிங்ஸ்ல எல்லாத்தையும் கம்மி பண்ணுங்க. முதல்ல ஷேடோ. பூசைக்குக் கூட்டிட்டுப் போக நான் வந்துடுறேன்."

நிழலை நிறுத்தியாயிற்று. படம் கொஞ்சம் இளகியிருந்தது. அடுத்து, காட்சியின் தொலைவைக் குறைத்தாள். அறை ஜன்னலுக்கு வெளியே எதிர் புளோக் கட்டடம், புகைமூட்ட நாட்களைப் போல மெல்ல வெளுத்து, காணாமல் போனது. புகை வாசனை மட்டும் இல்லை. சுற்றுப்புற ஒலியைக் குறைத்தாள். கீழே காப்பிக்கடையின் தட்டுச் சத்தமும் மைனாக்களின் கூச்சலும் ஒன்றாக அடங்கின. கணினிப் பெட்டியின் விசிறி மட்டும் இரைந்தது. சூடேறிய தூசியின் நாற்றம் தொண்டையைப் பிடித்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. நிழலில்லாத சிலுவையைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் திரையில் முக்கால் முகம் தெரிந்தது.

கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. ஆட்களின் எண்ணிக்கை. மூன்று என்றிருந்தது.

வாசல் கேட்டில் சாவி நுழைந்தது.

"மம்மி, ரெடியா? அவனுக்குப் பிடிச்ச பிசாங் கோரேங் வாங்கியாந்தேன்."

வேண்டாம் என்றது மனம். விரல் கேட்கவில்லை.

இரண்டு.

வேய்ன் திரும்பினான். திக்கவில்லை. முழு முகம். இடது கன்னத்து மச்சம். லொரைன் விம்மினாள். "என் ராசா..."

அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். பிறகு அவளைத் தாண்டி, வாசலைப் பார்த்தான். சிரிப்பு மறைந்தது.

"மம்மி, அக்கா எங்க?"

அவள் திரும்பினாள். தாழ்வாரம் வெறுமையாக இருந்தது. தரையில் வாழைப்பழ பஜ்ஜிப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. ஆவி இன்னும் அடங்கவில்லை. பூட்டில் தொங்கிய சாவிக்கொத்து ஆடிக்கொண்டிருந்தது, நிழலில்லாமல்.