தள்ளி நிற்பவன்

பொம்மைக்கு வைத்த தேநீர் தீர்ந்திருந்தது.

கவிழ்ந்திருந்தால் ஷவ்கத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டான். எகிப்தில் பெனி சுவைஃபுக்கு வடக்கே அந்தப் பாலைவன நெடுஞ்சாலையில் காற்று லாரியின் தார்ப்பாயையே உருவிக்கொண்டு போகும், ஒரு கண்ணாடிக் கோப்பை எம்மாத்திரம். ஆனால் கோப்பை பொம்மையின் இரும்புக் காலருகே நேராக நின்றது. அடியில் இலைத்தூள் இல்லை. மேஸ்திரி கினாவி கலக்கும் தேநீரில் கரண்டியை நட்டால் மறுநாள் வரை சாயாமல் நிற்கும், அவ்வளவு சர்க்கரை. அந்தச் சர்க்கரையும் இல்லை. யாரோ விரலை விட்டுச் சுற்றி வழித்து நக்கியிருந்தார்கள்.

"ஜாத், நீ குடிச்சியாடா?"

ரோலர் ஓட்டும் ஜாத் தன் கம்பளித் துண்டுக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினான். "நானா, பாஷ்முஹந்தீஸ்? செத்தவன் டீயக் குடிச்சா என் ரோலரே என் மேல ஏறிடும். நாய் குடிச்சிருக்கும்."

"நாய் விரலால வழிச்சு நக்குமா?"

"இந்த ரோட்டு நாய்ங்க என்ன வேணா செய்யும். போன மாசம் ஒண்ணு எங்கிட்ட தீப்பெட்டி கேட்டுச்சு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஷவ்கத் சிரிக்கவில்லை. பாஷ்முஹந்தீஸ், அதாவது பொறியாளர், என்று அவனைக் கூப்பிடுவது மரியாதைக்குத்தான். சாலை வேலை நடக்கும் இடத்தில் ஓடுகிற வண்டிகளிடமிருந்து ஆட்களைக் காப்பது அவன் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அவன் ஒரு பொம்மையின் தலையில் கட்டியிருந்தான்.

பொம்மை அவன் பெருமை. மூன்று கால் இரும்புச் சட்டம், வைக்கோல் திணித்த சாக்கு உடம்பு, தலைக்கு மஞ்சள் எண்ணெய் கேன், அதன்மேல் ஒரு தலைக்கவசம். உடைத்துப் போட்ட டாக்சியொன்றிலிருந்து மழைத்துடைப்பான் மோட்டாரைக் கழற்றி அதன் தோளில் மாட்டியிருந்தான். பேட்டரியோடு இணைத்தால் சிவப்புக் கொடி பிடித்த கை ஏறும், இறங்கும். கிரீச். டக். கிரீச். டக். "மூத்திரத்துக்குப் போக மாட்டான், லீவு கேக்க மாட்டான், இவனுக்குப் பொண்டாட்டியும் கிடையாது," என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரித்தான். கெய்ரோவிலிருந்த பெரிய மனிதர்கள் தொப்பை குலுங்கச் சிரித்தார்கள்; அந்தக் குலுங்கலில் நைல் நதியே கரை தாண்டியிருக்கும்.

அது போட்டிருந்த ஒளிரும் சட்டை மட்டும் அப்துல் ஷாஃபியுடையது.

ஷாஃபி இரண்டு குளிர்காலம் முன்புவரை அதே இடத்தில் கொடி பிடித்தவர். கொடிக்காரன் வேலை நடக்கும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி நிற்க வேண்டும். அவனைப் பார்த்தபின் லாரிக்காரன் பிரேக்கை மிதித்து வண்டி நிற்பதற்கு இடம் வேண்டும். "இன்னும் தள்ளி நிக்கட்டுமா, பாஷ்முஹந்தீஸ்?" என்று தினமும் காலையில் கேட்பார். தள்ளி நின்றால் நடுநடுவே மண்வெட்டி எடுக்கவும் தார்ப்பீப்பாயை உருட்டவும் ஆள் கிடைக்காதே. "இங்கயே நில்லுங்க, கூப்பிட்ட குரலுக்கு வரணும்," என்பான் ஷவ்கத். கூப்பிட்ட குரலுக்கு ஷாஃபி வருவதற்கு முன்னால் லாரி வந்தது. விசாரிக்க வந்த அதிகாரியிடம், "தள்ளி நில்லுன்னு நூறு தடவ சொன்னேன், கேக்கலையே மனுஷன்," என்று சொல்லும்போது ஷவ்கத்தின் குரல் தழுதழுத்தது. அத்தனை பேரும் நம்பினார்கள். ஒரு நிமிடம் அவனே நம்பினான்.

சட்டையைத் துவைத்து, கிழிசலைத் தைத்து, பொம்மைக்குப் போட்டான். புதிதாக ஒன்று வாங்க மனம் வரவில்லை. ஆட்கள் பொம்மையை "ஷாஃபி பெரியப்பா" என்று கூப்பிட்டு, காலையில் முதல் கோப்பைத் தேநீரை அதன் காலடியில் வைக்கத் தொடங்கினார்கள். முதலில் கேலியாக. பிறகு யாரும் அதைக் கேலி என்று சொல்லவில்லை.

அன்று மூடுபனி. அப்படியொரு பனியில் எருமை ஒன்று தொலைந்தால் அடுத்த வருஷம் கன்றோடுதான் கிடைக்கும். விடிகாலை பஜ்ர் தொழுகை முடிந்து வெகுநேரமாகியும் வானத்துக்கும் தார்ச்சாலைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஈரச் சாம்பல் வாசனையும் கொதிக்கும் தாரின் வாசனையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஒட்டின. பக்கத்தில் இருமியவன் பக்கத்து மாகாணத்தில் இருமுவதுபோல் கேட்டது. இப்படிப் பனி இறங்கினால் போக்குவரத்துப் போலீஸ் சுங்கச்சாவடியில் நெடுஞ்சாலையைப் பூட்டிவிடும். ஷவ்கத் குளிர்காலம் முழுக்கக் காத்திருப்பது அந்தப் பூட்டுக்குத்தான். பூட்டிய சாலையில் தடுப்புக் கூம்புகளை அடுக்க வேண்டாம், கொடிக்கு ஆள் வேண்டாம், அத்தனை கையும் வேலைக்கு. மதிய லுஹர் தொழுகைக்குப் பின் ஆளுநரின் வண்டி வரிசை அந்த வழியே போகிறது. அவர் கார் குலுங்கினால் ஷவ்கத்தின் வேலை போய்விடும்.

"கூம்பாவது வரிசையா வைக்கலாமே," என்றார் கினாவி. காய்ந்த மரத்துண்டு மாதிரி மனிதர். தெற்கே கேனாவிலிருந்து வந்தவர், எல்லாருக்கும் ரையிஸ், அதாவது தலைவர், எதையும் இரண்டு தடவை சொல்ல மாட்டார்.

"எதுக்கு, ரையிஸ்? கேட்டு பூட்டியிருக்கு. ஒரு கழுதகூட வராது."

"கேட்டுல நிக்கிற போலீஸ்காரன் ரொம்பத் தங்கமான மனுஷன். நோட்டோட அவன் கையக் குலுக்கினவன யாரையும் திருப்பி அனுப்பினது கிடையாது."

"கலவை ஆறுது, ரையிஸ்."

கினாவி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். கூம்புகள் வண்டியிலேயே கிடந்தன. குளிரில் அந்த வண்டி கிளம்பாததால் பொம்மையின் பேட்டரியைத்தான் கழற்றி அதில் மாட்டியிருந்தார்கள். ஷவ்கத்தே தன் கையால் மாட்டினான்.

அதனால்தான், சற்று நேரம் கழித்து அந்தச் சத்தம் கேட்டபோது, வாயில் இருந்த ரொட்டியை மெல்லாமல் நிறுத்தினான்.

கிரீச். டக்.

ரோலர் உறுமியது, மண்வெட்டிகள் சரளையைச் சுரண்டின, யாரோ மூக்கைச் சிந்தினான், இவை எல்லாவற்றுக்கும் அடியில், பனிக்குள் எங்கோ, வறண்ட கீல் ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. காற்று என்று நினைத்தான். கன்னத்தைத் தடவினான். காற்றே இல்லை. பனி அசையாமல், நனைந்த பஞ்சுமூட்டைபோல் முகத்தில் சாய்ந்திருந்தது.

பொம்மை நின்ற இடத்துக்கு நடந்தான். அங்கே கோப்பை இருந்தது. பொம்மை இல்லை. மணலில் மூன்று கால் தடங்கள், அப்பால் மறுபடி மூன்று, அப்பால் மறுபடி. இழுத்த கோடு எங்கும் இல்லை. வண்டிகள் வரும் திசையை நோக்கி ஏதோ ஒன்று மூன்று காலால் அடி எடுத்து வைத்துப் போயிருந்தது.

"ஜாத், பொம்மைய எங்கடா வச்ச?"

"நான் ரோலர்ல இருக்கேன், பாஷ்முஹந்தீஸ். பெரியப்பா வாக்கிங் போயிருப்பாரு. முட்டி வலிக்கு நல்லதாம்."

யாரும் சிரிக்கவில்லை. கினாவி பனிக்குள் உற்றுப் பார்த்தார். "அந்தப் பக்கம் ஒரு ஆள் நிக்கணும். நான் போறேன்."

"உங்க கையில மண்வெட்டி இருக்கட்டும். பொம்மைய நானே கொண்டு வரேன்."

அவர் போயிருந்தால் ஒரு மண்வெட்டி குறைந்திருக்கும், அவ்வளவுதான். அந்தக் கணக்கில் ஷவ்கத் எப்போதும் கெட்டி.

சாலையோரம் பிடித்து நடந்தான். முதலில் ரோலரின் உறுமல் முதுகில் கை வைத்தாற்போல் கூடவே வந்தது, பிறகு அந்தக் கை மெல்ல எடுத்துக்கொள்ளப்பட்டது. தார் வாசனை போய் ஈர மண் வாசனை வந்தது, அதுவும் போய் வைக்கோல் வாசனை வந்தது, பழைய, மழையில் ஊறிய வைக்கோல். ஷூ சத்தம் இரட்டையாகக் கேட்டது. நின்றான். ஒரு சத்தம் நின்றது. மற்றது கொஞ்சம் தாமதித்து நின்றது.

கிரீச். டக்.

முன்னால், பக்கத்தில்.

பனியில் ஒரு ஆரஞ்சுக் கறை. தையல் போட்ட முதுகு. ஏறி இறங்கும் ஒரு கை. அவன் வேகமாக நடந்தால் அது பனிக்குள் கரைந்து அதே தூரத்தில் மறுபடி தோன்றியது. அவன் நின்றால் நின்றது.

"யாருடா அங்க?"

பதில் மெதுவாக வந்தது. தினமும் காலையில் கேட்ட குரல். அதே பணிவு. தொண்டைக்குள் சரளை உருள்வதுபோல்.

"இன்னும் தள்ளி நிக்கட்டுமா, பாஷ்முஹந்தீஸ்?"

ஓட வேண்டும் என்று ஷவ்கத்துக்குத் தெரிந்தது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை. எதையாவது சொல்லியாக வேண்டும்போல் இருந்தது. வாய் தானாக ஒரு பொய்யைத் தேடியது. கிடைக்கவில்லை.

"நில்லுங்க," என்றான். "தள்ளியே நில்லுங்க."

கீல் சத்தம் நின்றது.

போய்ப் பார்த்தான். இரும்புச் சட்டம் மட்டும் நின்றது. சாக்கு வயிறு பிளந்து வைக்கோல் சாலையில் கொட்டிக் கிடந்தது. எண்ணெய் கேன் உருண்டு கிடந்தது, காலியாக. சட்டை இல்லை. கொடி தார்மேல் கிடந்தது. அந்த இடத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்தது. பதினாறு வருஷ உத்தியோகத்தில் வேறெதுவும் அவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை. கொடிக்காரன் நிற்க வேண்டிய சரியான இடம் அதுதான். ஒரு லாரி நிற்பதற்கு வேண்டிய தூரம், ஒரு அடி கூடாமல், குறையாமல்.

அப்போது தூரத்தில் ஓர் இன்ஜின் கேட்டது.

சாவடியில் யாரோ போலீஸ்காரனின் கையைக் குலுக்கியிருக்கிறான்.

பின்னால் பனிக்குள் கினாவி, ஜாத், குனிந்த முதுகுகள், கூம்பு ஒன்றுகூட இல்லாத சாலை. ஷவ்கத் கொடியை எடுத்தான். யோசிக்கவில்லை. கை தானாக எடுத்தது. கை தானாக உயர்ந்தது.

கிரீச்.

தன் தோளைப் பார்த்தான்.

டக்.

கையை இறக்கிவைக்க முயன்றான். ஏறியது. கொடியை விட முயன்றான். விரல்கள் இல்லை, பிடி இருந்தது. கணுக்காலிலிருந்து குளிர் ஏறியது, இரும்பின் குளிர். ஓடு, என்று தனக்கே சொன்னான். எதுவும் அசையவில்லை. கத்தினான். வாய்க்குள் சத்தம் சுற்றிச் சுற்றி முட்டியது, காலிக் கேனுக்குள் அடைபட்ட ஈபோல். நாக்கில் பழைய எண்ணெய் ருசி. சட்டைக்குள் ஏதோ குத்தியது. வைக்கோல்.

வேலை நடக்கும் பக்கம் பனி கொஞ்சம் விலகியது. திரை ஒதுக்கியதுபோல். கழுத்து திரும்பாவிட்டாலும் ஓரக்கண்ணில் அவனுக்குத் தெரிந்தது. தகர டப்பாவில் நெருப்பு. சுற்றிலும் ஆட்கள், இடைவேளை. அவர்களுக்கு நடுவே தையல் போட்ட ஒளிரும் சட்டை, குந்தியபடி, இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு. கினாவி அதன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். திடுக்கிட்டவர் யாருமில்லை.

ஜாத் சாலையோரமாக வந்தான், கையில் ஆவி பறக்கும் கோப்பையோடு. கிட்டே வந்து ஷவ்கத்தின் முகத்தை அண்ணாந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

ஜாத், நான்டா. ஜாத்.

"ஆண்டவா," என்றான் ஜாத், மெச்சுவதுபோல். "பாஷ்முஹந்தீஸ் புதுசா ஒண்ணு செஞ்சிருக்காரே. தொப்பி, மூக்கு எல்லாம் அப்படியே அவரு மாதிரி." திரும்பி நெருப்பைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "ரையிஸ், இந்தத் தடவ சரியான எடத்துல நட்டிருக்காரு."

"அதுவரைக்கும் சந்தோஷம்," என்றது கினாவியின் குரல். "டீய வச்சிட்டு வா."

ஜாத் குனிந்து கோப்பையைக் காலடியில் வைத்தான். நெற்றியில் கை வைத்து ஒரு சலாம் போட்டான். போய்விட்டான்.

பனி மறுபடி மூடியது. நெருப்பு இல்லை. குரல்கள் இல்லை.

இன்ஜின் சத்தம் இருந்தது. அது வேகத்தைக் குறைக்கவில்லை.

கிரீச். டக்.

அவனால் கீழே மட்டும் பார்க்க முடிந்தது. கோப்பை நிறையத் தேநீர், கறுப்பாக, அசையாமல். பிறகு அதன் நடுவில் ஒரு சின்ன வளையம். பிறகு இன்னொன்று. தேநீர் நடுங்கி, விளிம்பைத் தொட்டு, ஒரு சொட்டு வெளியே வழிந்தது.

கிரீச்.