கடைசியாக வருபவள்

“பூட்டு போடுங்க சார்.”

மேலாளர் வரதராஜன் திரையிலிருந்து நிமிர்ந்தார். நினைவிணைப்பு நிறுவனத்தில் பழுது பார்க்கச் சேர்ந்த அன்றே மாரிக்கனிக்குச் சொல்லியிருந்தார்கள்: எது வேண்டுமானாலும் கேள், பூட்டு மட்டும் கேட்காதே.

“தெரிஞ்சுதான் பேசறியாம்மா?”

“தெரிஞ்சுதான். ஒரு பிரதி உள்ள போய் எழுதி முடிக்கிற வரைக்கும் இன்னொண்ணு வெளிய நிக்கட்டும். அப்புறம் புதுசா எழுதினதை வாசிச்சுட்டு, அதுக்கு மேல எழுதட்டும்.”

“ஊரே இணைப்பறை வாசல்ல வரிசையில நிக்கும். நிக்க நேரமில்லாமதானே ஆளுக்கு ரெண்டு பிரதியா அலையறாங்க?”

அவர் சொன்னது பொய்யில்லை. காலையில் ஒரே நினைவை நகலெடுத்துக்கொண்டு, இரண்டு உடலாக இரண்டு வேலைக்குப் போனார்கள். மாலையில் இணைப்பறையில் ஒன்றானார்கள். இரண்டு பிரதிகளும் ஒரே நினைவில் கை வைத்திருந்தால், கடைசியாக வந்தது எழுதியதே நிற்கும். முந்தியது அழிந்துபோகும்.

மாரிக்கனியின் அம்மாவுக்கு அதுதான் நடந்தது. ஒருத்தி வேலைக்குப் போகிற வழியில் மனசு மாறி, ஆஸ்பத்திரியில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னொருத்தி ஹாஸ்டலில் அண்டா தேய்த்தபடி, நாளைக்காவது அக்காவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அண்டா தேய்த்தவள்தான் கடைசியாக வந்தாள்.

“பெரியம்மா உயிர் போறப்ப அம்மா காதுல என்னமோ சொல்லியிருக்காங்க. நர்ஸ் பாத்திருக்காங்க. என்ன சொன்னாங்கன்னு இப்ப ஒருத்தருக்கும் தெரியாது. ‘நான் ஏண்டி போகாம இருந்தேன்’னு அம்மா என்னைக் கேக்குறாங்க சார்.”

“கஷ்டம்தான். ஆனா பயனர் தவறுன்னு போட்டு அந்தப் புகாரை முடிச்சாச்சே.”

“யாரு முடிச்சா?”

“நீதான்.” அவர் விரல் மேலே காட்டியது. “மாடி மீட்டிங்ல இருக்கற உன் பிரதி. இனிமே பூட்டு கேக்க மாட்டேன்னும் கையெழுத்து போட்டுட்டா. தங்கமான பொண்ணு. நீதான் வள்ளுன்னு விழற.”

மாரிக்கனி மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் இருவரும் ஒரே கோபத்தோடுதான் படியேறினார்கள்.

“அவகிட்ட என்ன சொன்னீங்க?”

“இணைஞ்சா உனக்கே தெரியும். சீக்கிரம் போ. வீட்டுல முதல் பட்டதாரி நீ, உருப்படற வழியைப் பாரு.”

“படிச்சதாலதான் சார் கேக்குறேன்.”

பையைத் தோளில் மாட்டினாள். உடம்பெல்லாம் அசதி. கீழே இணைப்பறை காலியாக இருந்தது. வாசலில் பச்சை விளக்கு. அதைத் தாண்டி நடந்தாள். எதிர் டீக்கடை பெஞ்சிலிருந்து பார்த்தால் இந்த வாசல் தெரியும். மேலே இருப்பவள் இறங்கி வரட்டும். உள்ளே போய் எழுதி முடிக்கட்டும். அதற்கப்புறம் எழுந்து வந்தால் போதும்.

அவளை எந்த வார்த்தை பணிய வைத்தது என்பது மாரிக்கனிக்கு இனித் தெரியவே போவதில்லை.

தெரியவும் வேண்டாம் என்று தெருவில் இறங்கினாள்.